கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி: பொறுப்பு யாருடையது?

கேள்வி: என் தந்தை 1988 முதல் 2012 வரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆலையில் வேலை செய்தார். இப்போது அவருக்கு ஆஸ்பெஸ்டாசிஸ் (கல்நார்த் தூசியால் வரும் நுரையீரல் நோய்) என்று தாம்பரம் சானடோரியத்தில் கூறுகிறார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இழப்பீடு கேட்க முடியுமா? (வாசகர், எண்ணூர்)

பதில்: முடியும். கல்நார் இழை நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படுவது வழக்கம் என்பதால், வேலையை விட்டு வந்துவிட்டார் என்பது மட்டுமே கோரிக்கையை முறித்துவிடாது. கல்நார்த் தொழிலாளர்கள் குறித்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மைய வழக்கில் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தையதோ அதுவரை ஆலை பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் தந்தையின் பதிவேடு 2028 வரை ஆலையில் இருந்தாக வேண்டும். அதன் நகலை உடனே எழுத்து மூலம் கேளுங்கள்.

அவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) காப்பீட்டில் இருந்தாரா என்பதையும் முதலில் உறுதிசெய்யுங்கள். இருந்திருந்தால் ஊனப் பயனை இ.எஸ்.ஐ. கழகத்திடமே கேட்க வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் (2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது) முதலாளியிடம் தனியே கேட்க இயலாது. இல்லையெனில் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் (புதிய தொகுப்பில் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’) மனு செய்யலாம். அதற்கு இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையர் பொறுத்துக்கொள்ளலாம் என்றாலும், அந்தச் சலுகையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். இந்நோயைக் காசநோய் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுக்கப்பட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஆகவே எங்கே, எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டுகள் தூசியில் நின்றார் என்பதை மருத்துவர் சான்றிதழில் எழுதித்தரச் சொல்லுங்கள். வழக்கின் முதுகெலும்பு அந்த வரிகள்தான்.

கேள்வி: நான் மூன்று ஆலைகளில், எல்லாவற்றிலும் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். யாரைக் கேட்பது? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: ஒப்பந்ததாரர் பெயரில் சம்பளம் வந்திருந்தாலும், ஆலை நடத்தும் முதன்மை முதலாளியிடம் இழப்பீடு கோரச் சட்டம் வழி தருகிறது, ஒப்பந்ததாரரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்வது அவர்களுக்குள் உள்ள கணக்கு. ஆஸ்பெஸ்டாசிஸ் போன்ற நோய்களுக்குப் பல முதலாளிகள் பொறுப்பு என்றால், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஆணையரே பிரிப்பார். மூன்று பெயர்களையும் மனுவில் சேருங்கள்.

கேள்வி: கணவரின் வேலை உடைகளை இருபது ஆண்டுகள் துவைத்தேன். எனக்கும் மூச்சுத் திணறல். எனக்கு உரிமை இல்லையா? (வாசகி, மணலி)

பதில்: உடையில் ஒட்டிவரும் இழைகள் வீட்டாரையும் பாதிக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஆனால் இழப்பீட்டுச் சட்டம் தொழிலாளியை மட்டுமே காக்கிறது. நீங்கள் அலட்சியத்தை நிரூபித்து உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். இது அநீதியான இடைவெளி என்பதே என் கருத்து. முதலில் உங்கள் மூச்சுத் திணறலுக்குக் கல்நார்தான் காரணமா என்பதை நுரையீரல் மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: வாடகை வீட்டின் மாடி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்துள்ளது. உரிமையாளர் மாற்ற மறுக்கிறார். (வாசகர், பெரம்பூர்)

பதில்: 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகளைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு, எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுங்கள். கழற்றும்போது மெஷினால் அறுக்காமல், தண்ணீர் தெளித்து முழுதாக இறக்கச் சொல்லுங்கள்.