மூட்டு மாத்திரையில் இறால் ஓடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 61, எடை 62 கிலோ. பிறந்தது முதல் சைவம். பால், தயிர் உண்டு, முட்டை கிடையாது. இரண்டு ஆண்டுகளாக முழங்கால்களில் வலி. பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கம் என்றார்கள். என் மகள் அக்கறையோடு ஒரு புட்டி மூட்டு மாத்திரை வாங்கித் தந்தாள். மூன்று வாரம் சாப்பிட்ட பிறகு, ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புட்டியின் பின்புறத்தைப் படித்தேன். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. மனம் நொந்துபோனேன். புலால் உண்ணாதவர்களுக்கு வேறு மாத்திரை உண்டா? மூட்டுக்கு வலுவூட்ட நாங்கள் என்ன சாப்பிடுவது?
- ஈசூன் வாசகி

பதில்: அம்மா, அறியாமல் நேர்ந்ததற்காக மனத்தை வருத்திக்கொள்ள வேண்டாம். நீங்கள் சாப்பிட்டது குளுக்கோசமைன். கடைகளில் இருக்கும் குளுக்கோசமைனில் பெரும்பகுதி கடலுணவு ஆலைகளில் மிஞ்சும் ஓடுகளிலிருந்துதான் வருகிறது. அதனுடன் பெரும்பாலும் சேர்த்து விற்கப்படும் கோண்ட்ராய்டின் மாடு, பன்றி, சுறா ஆகியவற்றின் குருத்தெலும்பிலிருந்து எடுக்கப்படுகிறது. உள்ளிருக்கும் மருந்து எதுவாக இருந்தாலும், அதை மூடியிருக்கும் மெல்லிய உறை ஜெலட்டின் என்றால் அதுவும் விலங்கின் தோல், எலும்பு வழியே வந்ததுதான். பூஞ்சையை நொதிக்கவைத்துத் தயாரிக்கும் சைவக் குளுக்கோசமைன் சந்தையில் இருக்கிறது. அதன் உறையில் ஹைப்ரோமெல்லோஸ் என்று எழுதியிருந்தால் அது தாவர நாரிலிருந்து செய்யப்பட்டது. ஆகவே, வேறு மாத்திரை உண்டா என்பதற்கு உண்டு என்பதே பதில். ஆனால் அதை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேரை வைத்து நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளியாயின. சிலருக்குக் குளுக்கோசமைன், சிலருக்குக் கோண்ட்ராய்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வலிமருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. இந்தச் சிறு இடைவெளியை மருந்தின் பயன் என்று கொள்ள முடியாது. மூட்டுவலி இயல்பாகவே ஏறி இறங்கும் வலி. மிகவும் வலிக்கும் நாளில்தான் மாத்திரையைத் தொடங்குகிறோம், அடுத்த வாரம் அது தானாகத் தணிந்தாலும் மாத்திரைக்கே பெயர் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தமக்குக் குணமானது என்று சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் அந்த 60 விழுக்காட்டினரைப் போன்றவராகவும் இருக்கலாம். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, முழங்கால் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைன் வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தப்போக்கு அபாயத்தை அது கூட்டவும் கூடும்.

கொலாஜன் தூளைப் பற்றியும் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொலாஜன் என்னும் புரதம் விலங்குகளின் உடலில் மட்டுமே உருவாவது. ‘சைவக் கொலாஜன்’ என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் வைட்டமின் சியும் சில அமினோ அமிலங்களும்தான் இருக்கும். உடல் தன் கொலாஜனைத் தானே நெய்துகொள்ள வைட்டமின் சி தேவை என்பது உண்மையே. அதற்கு ஈரச்சந்தையில் ஒரு கொய்யாப்பழம் வாங்கினால் போதும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஒரு நாளின் தேவையைப்போல இரண்டு மடங்கு.

இனி, உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்திய இடத்துக்கு வருகிறேன். கடித முடிவில் உங்கள் அன்றாட உணவைக் குறித்திருந்தீர்கள்: காலையில் மூன்று இட்லி, சாம்பார், மதியம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், தயிர், மாலையில் தேநீருடன் பிஸ்கட், இரவில் இரண்டு சப்பாத்தி, உருளைக்கிழங்குக் குருமா. நம் வீடுகளில் யாரும் குறை சொல்ல முடியாத சாப்பாடு. ஆனால் கணக்குப் போட்டால் இதில் உள்ள புரதம் 40 கிராமைச் சுற்றித்தான் வரும். உங்கள் வயதில் ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் உங்களுக்கு 62 முதல் 74 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள். கரண்டியில் அள்ளும்போது மேலே வருவது பெரும்பாலும் புளித்தண்ணீரும் காய்களும். பருப்பு பானையின் அடியில் தங்கிவிடுகிறது.

முழங்கால் வலிக்கும் புரதத்துக்கும் என்ன தொடர்பு? தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலின் தாங்குகட்டை. படியிறங்கும்போது அந்தத் தசை வலுவாக இருந்தால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்கிறது. மெலிந்திருந்தால் அவ்வளவும் தேய்ந்த குருத்தெலும்பின்மேல் இறங்குகிறது. தேய்ந்ததை மாத்திரையால் வளர்க்க முடியாது. தசையை வளர்க்க முடியும், 61 வயதிலும் முடியும்.

சமையலைத் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை. காலையில் ஒரு கோப்பை சர்க்கரை சேர்க்காத சோயாப் பால் 7 கிராம் தரும். சந்தையில் ‘தாவ்குவா’ என்று கேட்டால் கிடைக்கும் கெட்டியான சோயாக் கட்டியில் 100 கிராமை எடுத்து, விரலளவு துண்டுகளாக நறுக்கி, மிளகு, சீரகம், கறிவேப்பிலையோடு சிறிது எண்ணெயில் வதக்கிப் பொரியலோடு சேர்த்துக்கொண்டால் ஏறத்தாழ 13 கிராம். மாலைப் பிஸ்கட்டுக்குப் பதிலாக அரைக் கோப்பை கொண்டைக்கடலைச் சுண்டல் 7 கிராம். இந்த மூன்றிலேயே தேவையை எட்டிவிடுகிறீர்கள். மலாய்க்காரர்கள் சமைக்கும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே இன்னும் செறிவானது. 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். நம் சாம்பார்ப் பொடியில் பிரட்டி வதக்கினால் நன்றாகவே இருக்கும். சீன சைவக் கடைகளில் கோழி, வாத்து உருவில் கிடைப்பது கோதுமைப் புரதம். உப்பும் எண்ணெயும் அதிகம் என்பதால் அதை எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும், அவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சாப்பிட்ட புரதம் தசையாக வேண்டுமானால் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். சமையலறை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எழுந்து, நின்று, மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. வலி கடுமையாக இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் உயரத்தை எழுதவில்லை. எடை அதிகமென்று மருத்துவர் சொல்லியிருந்தால், ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை 4 கிலோ குறைகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நான் மாத்திரைகளுக்கே எதிரியல்ல. சைவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று வைட்டமின் டி. ஆண்டு முழுவதும் வெயிலடிக்கும் சிங்கப்பூரில் அது குறையுமா என்று வியக்க வேண்டாம். விடியுமுன் பூங்காவில் நடந்து, பகலெல்லாம் குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கும் நமக்குக் குறையத்தான் செய்கிறது. கருநிறத் தோலுக்கு வெயிலும் கூடுதலாகத் தேவை. இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால், டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து வருவது என்பதை அறிந்து, வேண்டாமென்றால் லைக்கன் எனும் பாறைப்பாசியிலிருந்து எடுத்த டி3 அல்லது காளான், ஈஸ்ட் வழி வரும் டி2 கேளுங்கள். மற்றொன்று பி12. இது குறைந்தால் பாதங்கள் மரத்துப்போகும், எரியும், நடை தள்ளாடும். பலர் இதையும் மூட்டுக்கோளாறு என்று எண்ணிக்கொள்கிறார்கள். நீரிழிவுக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவர்கள் இதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். பி12 நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாராவது. உறையை மட்டும் பார்த்து வாங்கினால் போதும்.

கேள்வி: பிரண்டைத் துவையலும் முடக்கத்தான் தோசையும் மூட்டுவலியைப் போக்குமா? மஞ்சள் மாத்திரை?
- செங்காங் வாசகர்

பதில்: முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான், அதுவே முடக்கத்தான் ஆயிற்று என்பார்கள். இவ்விரண்டும் நல்ல உணவு; தேக்காவில் கிடைக்கும்போது வாங்கிச் சாப்பிடுங்கள். பிரண்டையை நறுக்குமுன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள மறக்காதீர்கள். ஆனால் தேய்ந்த மூட்டு இவற்றால் திரும்ப வளரும் என்பதற்கு மனிதர்களிடம் போதிய சான்று இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் வலியை ஓரளவு தணிப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சமையல் மஞ்சளால் கெடுதல் இல்லை. செறிவூட்டப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. பித்தப்பைக் கல் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, ஒரு மணி நேரம் மடக்க முடியாமல் இருக்கும். வாயு என்று சொல்லிப் பருப்பு, கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நண்பர் கொடுத்த மூலிகை மாத்திரையைச் சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது; நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார், முகம் மட்டும் சற்று உப்பியிருக்கிறது. மூலிகைதானே, தொடரலாமா?
- ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் முதலில் அச்சிட்டிருக்க வேண்டும். காலை இறுக்கம் ஒரு மணி நேரம் நீடித்து விரல் மூட்டுகள் வீங்குவது தேய்மானத்தின் குணமல்ல, முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு நோயை அடக்கும் மருந்துகள் இருக்கின்றன, தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். பருப்பு இதற்குக் காரணமல்ல. யூரிக் அமில மூட்டுவாதத்திலும்கூடப் பருப்பு வகைகள் நோயைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. பருப்பை அவர் மீண்டும் சாப்பிடட்டும்.

மூலிகை இரண்டே நாளில் வலியைப் பறக்கவிட்டு முகத்தை உப்பவைக்குமானால், அதில் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கக்கூடும். இப்படி டெக்ஸாமெத்தசோன் போன்றவை கலந்த வலிநிவாரணிகளைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. சிங்கப்பூரில் துணை உணவு மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் ஆணையத்தின் ஒப்புதலைப் பெறவேண்டியதில்லை. கைமாறி வரும் மாத்திரைக்கோ யாருமே பொறுப்பில்லை. ஆனாலும் அதை இன்றே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்: மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடலில், இயல்பாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கியிருக்கும், திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புட்டியோடு அப்பாவை நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்குள் மயக்கம், வாந்தி, கடும் சோர்வு தென்பட்டால் 995ஐ அழையுங்கள்.