ஊற்றிக் கொடுப்பவர் குடிக்காமல் இருக்க: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: குடியை விட வேண்டுமென்றால் பார் வேலையையும் விட வேண்டும் என்கிறார்கள் வீட்டில். அப்படித்தானா?

கட்டாயம் இல்லை. வேலையில் இருந்துகொண்டே விட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் முதல் சில வாரங்கள் கவுண்டர் பக்கம் நிற்காதீர்கள். லீவு போடுங்கள், முடியாவிட்டால் பகல் ஷிப்ட், பில்லிங், ரிசப்ஷன் என்று எதையாவது கேட்டு வாங்குங்கள். மூன்று, நான்கு மாதம் ஆன பிறகும் ஒவ்வொரு ராத்திரியும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நகர்கிறது என்றால், வீட்டில் சொல்வதைக் கேட்டுவிடலாம்.

கேள்வி: பல வருடங்களாக தினமும் முக்கால் பாட்டில் விஸ்கி. நேற்று காலையோடு அடியோடு நிறுத்திவிட்டேன். கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. காபி குடித்தால் சரியாகுமா?

கடிதம் எழுதுகிற நேரமா இது? நேராக மருத்துவமனைக்குப் போங்கள், கூட ஒரு ஆளோடு. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் பிதற்றலும், இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். உயிரே போன கதைகள் உண்டு. டாக்டர் மருந்து கொடுத்து, தயமின் (வைட்டமின் பி1) ஏற்றி, மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். காபிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் சேர்த்து: தினமும் நிறையக் குடிப்பவர் மருத்துவர் துணை இல்லாமல் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

கேள்வி: 'ஆல்கஹால் இல்லாத' பீர் குடிக்கலாமா?

லேபிளைப் படித்தீர்களா? பல நாடுகளில் அரை சதவீதம் வரை இருந்தாலும் அப்படிப் போட்டு விற்க அனுமதி உண்டு. அது போதை ஏற்றாது, உண்மைதான். ஆனால் அதே மணம், அதே நுரை, அதே கிளாஸ். ஆசையைக் கிளப்ப அவ்வளவு போதும். முதல் வருடம் வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: ருசி பார்க்காமல் காக்டெய்ல் எப்படி, சார்? ஸ்ட்ரா நுனியில் ஒரு சொட்டுதானே?

ஒரு ராத்திரிக்கு எத்தனை ஸ்ட்ரா, தம்பி? ஜிக்கரில் (சின்ன அளவுக் கிண்ணம்) அளந்து ஊற்றுங்கள், செய்முறையை எழுதி ஒட்டுங்கள், சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவரை ருசிக்கச் சொல்லுங்கள். துப்பிவிட்டாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு பாட்டிலையும் பாருங்கள். மாக்டெய்லில், அதாவது மது இல்லாத காக்டெய்லில், சொட்டுச் சொட்டாக விடுகிறோமே, அதில் சில 45 சதவீதம் ஆல்கஹால் வரை போகும். அப்புறம், தீ மூட்டிப் பரிமாறும் பண்டங்களில் மது முழுக்க எரிந்துபோகும் என்று சமையலறை நண்பர்கள் சொன்னால் நம்பாதீர்கள். முக்கால்வாசி அப்படியே நிற்கும்.

கேள்வி: ஷிப்ட் முடிந்ததும் நிர்வாகமே எல்லோருக்கும் ஒரு பெக் தருகிறது. வேண்டாம் என்றால் 'டீமோடு ஒட்டாதவன்' என்கிறார்கள். என்ன சாக்கு சொல்லலாம்?

சாக்கே வேண்டாம். 'மருந்து சாப்பிடுகிறேன்' என்பது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். பிறகு அடுத்த பொய் தேட வேண்டியிருக்கும். 'நான் குடிக்கிறதில்லை' என்று ஒரே வரி. கையில் முன்கூட்டியே ஒரு சோடா கிளாஸ் இருக்கட்டும், வெறுங்கையைப் பார்த்தால்தான் ஊற்றத் தோன்றும். ஐந்து நிமிடம் நின்று, இரண்டாவது ரவுண்டுக்கு முன் கிளம்பிவிடுங்கள்.

ஆனால் என் கோபம் உங்கள் மேல் இல்லை, அந்த நிர்வாகத்தின் மேல். கூலியாக மதுவைத் தருவது எவ்வளவு பழைய தந்திரம் தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் திராட்சைத் தோட்டங்களில் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். அதற்கு 'டாப்' முறை என்று பெயர். கூலிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியில் மாட்டினார்கள். பிரிட்டனில் 1883-லேயே மதுக்கடையில் வைத்துச் சம்பளம் கொடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, கடும் மதுவைச் சம்பளமாகத் தரவே கூடாது என்கிறது. மதுக்கடையில் வைத்துச் சம்பளம் தருவதையும் தடுக்கிறது. அதில் ஒரே விலக்கு யாருக்கு? அங்கேயே வேலை பார்க்கும் நமக்கு!

'இது சம்பளம் இல்லை, அன்பளிப்பு' என்பார் மேனேஜர். சரி, அன்பளிப்பு என்றால் குடிக்காதவருக்கும் ஏதாவது வர வேண்டும் இல்லையா? அதே மதிப்புக்குச் சாப்பாடு, வீடு போக வண்டி, அல்லது கையில் காசு. கூட்டத்தில் நாலு பேரோடு சேர்ந்து கேளுங்கள். குடிக்கிறவர்களே பாதிப் பேர் வண்டிதான் கேட்பார்கள். பத்து மணி நேரம் நின்ற காலுக்கு, வெறும் வயிற்றுக்கு ஒரு பெக்கை நீட்டிவிட்டு 'டீம் ஒற்றுமை' என்பது மலிவு நிர்வாகம். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: தம்பிக்கு ஹோட்டல் பாரில் வேலை. அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் டைசல்பிரம் (குடியை விடக் கொடுக்கும் மாத்திரை) கலக்கலாமா?

கூடவே கூடாது, அம்மா. மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், இதயத்துக்கே ஆபத்து ஆகலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரை அந்த விளைவு நிற்கும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் சாப்பிட வேண்டிய மாத்திரை இது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. தம்பியோடு உட்கார்ந்து பேசி டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் 'எனக்காக ஒன்று' என்று வாங்கித் தந்தால்?

டிப்ஸ் ஜாடியைக் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு மாதம் தொடாமல் இருந்தேன். போன வாரம் ஒரு ராத்திரி வழுக்கிவிட்டது. எல்லாம் பாழா?

இல்லை. ஆனால் அன்று என்ன நடந்தது என்று எழுதவே இல்லையே! சாப்பிட்டீர்களா? டபுள் ஷிப்டா? யாரோடாவது சண்டையா? தனியாகக் கடை அடைத்தீர்களா? பசி, கோபம், தனிமை, களைப்பு: இந்த நான்கில் ஒன்று இருந்திருக்கும். வயிறு காய்ந்தபடி ஷிப்ட் தொடங்காதீர்கள் என்று போன முறையும் சொன்னேன். அந்த ஒரு ராத்திரி பல நாளாக நீண்டிருந்தால், மேலே விஸ்கிக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும், 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்கள் பல மாலையில் நடக்கும், அது நமக்கு வேலை நேரம். காலைக் கூட்டமோ இணையவழிக் கூட்டமோ தேடுங்கள். அமெரிக்காவில் உணவக, பார் ஊழியர்களுக்கென்றே 2016-இல் பென்ஸ் ஃபிரண்ட்ஸ் என்ற குழு தொடங்கினார்கள். அவர்களும் இணையவழியில் கூடுகிறார்கள்.

கேள்வி: குடிக்காமல் போனாலும் வாடை அடிக்கிறது என்று வீட்டில் நம்ப மறுக்கிறார்கள்.

வேலைச் சட்டையை அங்கேயே மாற்றிவிட்டுப் போங்கள். அப்படியும் நம்பாவிட்டால் ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வாசலிலேயே வையுங்கள். மவுத்வாஷால் கொப்பளித்த கையோடு மட்டும் ஊதிவிடாதீர்கள். பலவற்றில் ஆல்கஹால் உண்டு, வீண் சண்டை வரும்.