கம்பெனி டேட்டாவை ரியல்டைமுக்கு மாற்றுவதை எங்கிருந்து தொடங்குவது?

எங்கள் கம்பெனியில் எல்லா டேட்டாவும் உடனுக்குடன் வர வேண்டும் என்கிறார்கள், எதில் ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தகவல் வந்த அந்த நிமிஷமே எழுந்து போகப்போவது யார்? இதை முதலில் கேளுங்கள். ரிங் ஃப்ரேமில் (நூல் நூற்கும் மெஷின்) நூல் அடிக்கடி அறுந்தால், அறுந்ததை ஒட்டும் சைடரோ மெஷினைச் சரிசெய்யும் ஃபிட்டரோ உடனே போய்ப் பார்க்க முடியும். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பஞ்சு வேஸ்ட்டாகப் போகிறது. அதற்கு ஸ்ட்ரீமிங் வேண்டும், அதாவது தகவல் வர வர உடனே கணக்கிடுவது. பஞ்சு இருப்பு, சம்பளக் கணக்கெல்லாம் ராத்திரி ஒரு தடவை ஓடினால் போதும். எல்லாவற்றையும் மாற்றச் சொன்னபோது மறுத்தேன். இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

மெஷினிலிருந்து எம்க்யூடிடி (மெஷின்கள் சின்னச் சின்ன மெசேஜ் அனுப்பும் முறை) வழியாக ஒரு சின்ன கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து காஃப்காவுக்கு (வரும் மெசேஜையெல்லாம் வரிசையாகச் சேர்த்து வைக்கும் சாஃப்ட்வேர்). இவ்வளவுதான் எங்கள் அமைப்பு. எம்க்யூடிடி 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவானது, அதனால் லைன் விட்டுவிட்டு வரும் இடத்திலும் தாக்குப்பிடிக்கும்.

இரண்டாவது மாதம் அரை நைட்டில் (சாயங்காலம் தொடங்கி நள்ளிரவில் முடியும் ஷிப்ட்) நெட்வொர்க் ஸ்விட்ச் போய்விட்டது. அதற்கு அடுத்த ஷிப்டான முழு நைட் ஆட்கள் வந்த பிறகுதான் சரியானது. தேங்கிக் கிடந்த மெசேஜெல்லாம் மொத்தமாக வந்து இறங்கின, சில இரண்டு தடவை. எங்கள் புரோகிராம் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டதால், அரை நைட் உற்பத்தி முழு நைட் பெயரில் ஏறிவிட்டது. மறுநாள் அரை நைட் ஷிப்டுக்கு வந்த ஒரு அக்கா உற்பத்தி போர்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, எட்டு மணி நேரம் நாங்க சும்மாவா நின்னுட்டிருந்தோம்?" என்று கேட்டார். அவர்களுடைய இன்சென்டிவ் அந்த எண்ணில்தான் இருக்கிறது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நல்லவேளை, காஃப்கா படித்த மெசேஜை உடனே அழிப்பதில்லை. செட்டிங்கை மாற்றாவிட்டால் 7 நாள் வைத்திருக்கும். மெஷின் பதித்த நேரமும் உள்ளே இருந்தது, நாங்கள்தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதை வைத்து மறுபடி ஓட்டி, அன்று சாயங்காலமே போர்டைத் திருத்தினோம்.

அப்புறம் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தோம். அதே எண் மறுபடி வந்தால் தள்ளிவிடும். காஃப்கா மெசேஜ்களைப் பார்ட்டிஷன் என்ற பகுதிகளாகப் பிரித்து வைக்கும், ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் வரிசை மாறாது. ஒரே கீ (அடையாளம்) உள்ளவை ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும், அதனால் மெஷின் நம்பரையே கீயாக வைத்தோம். எல்லா மெஷின் கடிகாரங்களையும் ஒன்றாக்கினோம். ஷிப்ட் முடிந்ததும் கணக்கை மூடாமல், தாமதமாக வரும் மெசேஜுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறோம்.

நீங்கள் பத்து மெஷினில், ஒரே ஒரு அலாரத்தோடு ஆரம்பியுங்கள். எந்த அலாரம் என்பதை ஸ்பின்னிங் மாஸ்டர் மாதிரி தளத்தில் நிற்கிறவர் சொல்லட்டும். கையால் எழுதும் பழைய ரெஜிஸ்டரை நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் நீங்களே நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அரை மணி நேரம் கழித்து மாட்டுங்கள். போர்டும் ரெஜிஸ்டரும் ஒத்துப்போனால் மட்டும் அந்த எண்ணைச் சம்பளத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள்.