"நாளைக்கே காலி பண்ணு" என்றால்? வாடகைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நெருக்குகிறார்கள் என்று பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது கிடையாது. 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம்தான் இருக்கிறது. பழைய சட்டத்தை நம்பி "இத்தனை வருஷமா இருக்கேன், யாரும் அசைக்க முடியாது" என்று இருப்பவர்கள்தான் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பதினொரு மாத அக்ரிமென்ட்டில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி. மகனுக்குக் கல்யாணம், மாதக் கடைசிக்குள் போய்விடுங்கள், இல்லாவிட்டால் பூட்டை மாற்றிவிடுவேன் என்கிறார் ஹவுஸ் ஓனர். (தாம்பரம்)

அக்ரிமென்ட் நடப்பில் இருக்கும்போது, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக அல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. சொந்தக் குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்பதும் அந்தக் காரணங்களில் ஒன்றுதான். ஆனால் அதை அவர் ரென்ட் கோர்ட்டில் மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். வாசலில் நின்று சொன்னால் அது உத்தரவு ஆகாது.

பூட்டை மாற்றுவேன் என்று மிரட்டினால் காத்திருக்காதீர்கள். அந்த மிரட்டல் வாட்ஸ்அப்பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துமூலம் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள். "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வாடகைத் தகராறு சிவில்தான். பூட்டை உடைப்பதும், சாமானைத் தெருவில் வீசுவதும், ஆள் வைத்து மிரட்டுவதும் சிவில் அல்ல. அதைப் பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பூட்டை மாற்றியே விட்டார் என்றால், 1963-ம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டம் 6-ம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டுக்குள் திரும்பப் போகக் கேட்கலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாது. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினார்களா என்பதை மட்டும்தான் கோர்ட் பார்க்கும். ஆறு மாதம் தாண்டினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்ரிமென்ட் எதுவும் இல்லை. வாடகையைக் கையில்தான் கொடுப்போம். பெரியவர் இறந்ததும் அவர் பிள்ளைகள் காலி செய்யச் சொல்கிறார்கள். (மதுரை)

உங்கள் நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. புதிய சட்டம் எழுத்துமூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள அவகாசம் தந்தது. அந்த அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒப்பந்தம் எழுதவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் ரென்ட் கோர்ட்டுக்குப் போகலாம். பதினான்கு வருட நல்ல உறவு அங்கே உங்களுக்குக் கைகொடுக்காது.

ஆனாலும் கோர்ட் உத்தரவு இல்லாமல் பிள்ளைகள் உங்களைத் தூக்கி எறிய முடியாது. பெரியவர் இருந்த இடத்தில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அதை வீணாக்காதீர்கள். இந்த மாதத்திலிருந்தே வாடகையை வங்கி வழியாக அனுப்புங்கள். குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் பள்ளி ஆவணம் என்று அந்த முகவரி உள்ள காகிதங்களை எல்லாம் சேர்த்து வையுங்கள். ஒப்பந்தம் எழுதி tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்யலாம் என்று அவர்களுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். அவர்கள் மறுத்தாலும் நீங்கள் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும்.

அதோடு பேச்சுவார்த்தைக்கும் தயாராகுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, வழக்காவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் கேட்பேன். கோர்ட் கட்டணம் கிடையாது. ஆறு மாத அவகாசம், அட்வான்ஸைத் திருப்பித் தரும் தேதி, இரண்டையும் அங்கே எழுதி வாங்கினால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடும் கிடையாது என்பதால் பிள்ளைகள் பிறகு பேச்சு மாற முடியாது. நீங்களும் மாற முடியாது.

ஓனர் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார். கரன்ட்டையும் வெட்டிவிடுவேன் என்கிறார். (திருப்பூர்)

செய்யக் கூடாது. வாடகை பாக்கி இருந்தாலும் செய்யக் கூடாது. புதிய வாடகைச் சட்டத்தின் 20-ம் பிரிவு இதை நேரடியாகவே தடுக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலர்தான் உங்கள் பகுதியின் வாடகை அதிகாரி. ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் யார் என்று சொல்வார்கள். அவரிடம் மனுக் கொடுங்கள். விசாரணை முடியும் முன்பே தண்ணீரையும் மின்சாரத்தையும் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் அந்த வார்த்தையை எழுதியே கேளுங்கள்: இடைக்கால உத்தரவு.

வாடகை கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். பிறகு பாக்கி என்று வழக்குப் போடுவாரோ என்று பயம். (சேலம்)

பயப்படுவது சரிதான், இது பழைய தந்திரம். மணியார்டரிலோ வங்கியிலோ அனுப்புங்கள். திரும்பி வந்தால் அந்தச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடமே பணத்தைக் கட்டச் சட்டம் வழி வைத்திருக்கிறது. உண்மையிலேயே பாக்கி விழுந்து நோட்டீஸ் வந்திருந்தால், கிடைத்த ஒரு மாதத்துக்குள் மொத்தப் பாக்கியையும் கட்டிவிடுங்கள். கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்றும்படி உத்தரவிட மாட்டார்கள்.

எட்டு லட்சம் கொடுத்து லீஸுக்கு வந்தோம். இப்போது வங்கிக்காரர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். ஓனர் போனை எடுப்பதில்லை. (சென்னை, கொளத்தூர்)

நோட்டீஸைப் படம் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. வங்கிகள் அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 2016-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, குடியிருப்பவரின் உரிமையையும் இந்தத் தீர்ப்பாயம் பார்க்கலாம்.

அங்கே முதலில் தேதிகளைப் பார்ப்பார்கள். அடமானத்துக்கு முன்பே நீங்கள் குடிவந்திருந்தால் உங்கள் பக்கம் வலு உண்டு. கடனைக் கட்டச் சொல்லி வங்கி ஓனருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகு, அதன் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் ஓனர் உங்களுக்கு லீஸ் கொடுத்திருந்தால் நிலைப்பது கடினம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்திருக்க வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிய மூன்று வருட லீஸை மூன்று வருடத்துக்கு மதிக்க மாட்டார்கள்.

எட்டு லட்சத்தை வங்கி தராது. ஓனரிடம்தான் கேட்க வேண்டும். கடனை மறைத்துப் பணம் வாங்கியிருந்தால் அது மோசடி, போலீஸில் தனியாகப் புகார் கொடுக்கலாம். மற்ற வாசகர்களுக்கும் ஒன்று: லீஸ் பணம் கொடுக்கும் முன் பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எத்தனை குடும்பங்கள் ஆயுள் சேமிப்பை இப்படி இழக்கின்றன என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

கணவர் இல்லை. வீட்டு வேலை செய்து பிழைக்கிறேன். கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. (திருச்சி)

பணம் வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார், 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி. பெண் என்பதே போதும், வருமானச் சான்று தேவையில்லை. 15100 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நோட்டீஸோடு நேரில் போங்கள்.

நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியில் கட்டாயம் ஆஜராகுங்கள். போகாவிட்டால் உங்களைக் கேட்காமலே உத்தரவாகிவிடும். உத்தரவு வந்த பிறகும் வீட்டில் இருந்தால் இரண்டு மடங்கு வாடகை கேட்கவும் ஓனருக்கு உரிமை உண்டு.

காலி செய்யச் சம்மதித்துவிட்டோம். அட்வான்ஸைத் தருவாரா என்றுதான் சந்தேகம். (கோவை)

சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கை மாறட்டும். இழுத்தடித்தால், சட்டப்படி கழிக்க வேண்டியது போக மீதியை ஒரு மாதத்துக்குள் தந்தாக வேண்டும். வெளியேறும் நாளில் சுவர், குழாய், கரன்ட் மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். சாவியைப் பெற்றுக்கொண்டதாக அவரிடம் ஒரு வரி எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.