பெராந்திஸ்னு (தொழில் பழகுற பையன்னு) சொல்லி வேலை மட்டும் வாங்குறாங்க, கிளாஸ் இல்ல. பையன் வெளிய வந்தா பாண்ட் காசு கட்டணுமா?

பட்டர்வொர்த்லேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. லெட்டர் நீளம், சுருக்கி போடுறேன்.

"வணக்கம் சார். என் மகன் எஸ்பிஎம் முடிச்சிட்டு 2024 பிப்ரவரில பிறையில ஒரு மெஷின் பட்டறையில பெராந்திஸா சேர்ந்தான், அப்ப அவனுக்கு 18 முடிஞ்சிருச்சு. மூணு வருஷ கான்ட்ராக்ட். மாசம் 900 வெள்ளி, அதையும் சம்பளம்னு சொல்ல மாட்டாங்க, அலவன்ஸ்தானாம். நாலு நாள் பட்டறை, வெள்ளிக்கிழமை கிளாஸ், சனிக்கிழமை மறுபடி பட்டறை. கிளாஸ் போற நாளுக்கு காசு வெட்டிருவாங்க. முதல் வருஷம் கிளாஸ் ஒழுங்கா நடந்துச்சு, அப்புறம் ஓடர் நிறைய இருக்குன்னு நிறுத்திட்டாங்க, இப்ப ஆறு நாளும் காலையில எட்டு மணிலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் மெஷின்லதான் நிக்கிறான். ஓவர்டைம் கிடையாது, ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (வேலை விபத்துக் காப்புறுதி) எதுவும் கிடையாது. வெளிய வரேன்னு சொன்னதுக்கு 15,000 வெள்ளி பாண்ட் கட்டு, இல்லன்னா செர்ட்டிபிகேட் கிடைக்காதுன்னு தவுக்கே (முதலாளி) சொல்றாரு. நானும் ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கேன் சார், அதான் ராத்திரி தூக்கம் வரல. பட்டறையில மொத்தம் பதினொரு பேர் வேலை செய்றாங்க."

அம்மா, முதல்ல தூங்குங்க. அந்த 15,000-ஐ நாளைக்கே யாரும் வந்து உங்க கிட்ட பிடுங்க முடியாது. அதுக்கு தவுக்கே கோர்ட்டுக்குப் போகணும், போனா அவரோட கணக்கையும் திறந்து காட்டணும், அதுல அவருக்குத்தான் சிக்கல் அதிகம். ஏன்னு சொல்றேன்.

பெராந்திஸ்னா வேலைக்காரன் இல்ல, படிக்க வந்த பையன், அதனால சட்டம் அவனுக்கு இல்லன்னு நிறைய முதலாளிங்க நினைக்கிறாங்க, நம்ம பெற்றோரும் அதை நம்பிடுறாங்க. எம்ப்ளாய்மென்ட் ஆக்ட் 1955, நம்ம அக்தா கெர்ஜா, இரண்டாவது பிரிவுலயே வேலை ஒப்பந்தம்னா பெராந்திஸ் ஒப்பந்தமும் அதுக்குள்ள வரும்னு எழுதியிருக்கு. அப்படின்னா உங்க மகன் ஒரு தொழிலாளி. அதுக்கு மேல, முறையா தொழில் சொல்லிக் கொடுக்குற பொறுப்பு முதலாளிக்கு கூடுதலா வருது. தவுக்கே இதை அப்படியே தலைகீழா வச்சிருக்காரு, சொல்லிக் கொடுக்கிறேன்ற பேர்ல உரிமையெல்லாம் குறைச்சிட்டாரு, அப்புறம் சொல்லிக் கொடுக்குறதையும் நிறுத்திட்டாரு.

அந்த சட்டம் பெராந்திஸ் கான்ட்ராக்ட்டுக்கு ஒரு அளவு வச்சிருக்கு. எழுத்துல இருக்கணும், முறையான பயிற்சி இருக்கணும், காலம் குறைஞ்சது ஆறு மாசம், கூடினது 24 மாசம். 2023 ஜனவரி 1-லேருந்து இதுதான் கணக்கு. உங்க மகன் கையெழுத்து போட்டது 2024-ல, 36 மாசத்துக்கு. சட்டம் சொல்ற பெராந்திஸ் கான்ட்ராக்ட்டே அது இல்லன்றதுதான் நான் வைக்கப்போற முதல் வாதம். அது இல்லன்னா என்ன? சாதாரண வேலை ஒப்பந்தம். தவுக்கே வேற மாதிரி வாதாடலாம், ஆனா எப்படிப் பார்த்தாலும் ரெண்டு வருஷம் எப்பவோ தாண்டிருச்சு, அதுக்கப்புறமும் பையனை பெராந்திஸ்னு கூப்பிட அவருக்கு ஆதாரம் எதுவும் இல்ல.

பயிற்சி எப்படி நடக்கணும்னும் தெரிஞ்சுக்கோங்க. எஸ்எல்டிஎன், சிஸ்தம் லத்திஹான் டுவல் நேஷனல், அதாவது வேலையும் கிளாஸும் சேர்ந்த தேசியப் பயிற்சி முறை, 2005-ல கொண்டு வந்தாங்க, ஜெர்மனி முறையைப் பார்த்து. பயிற்சியில 70லேருந்து 80 விழுக்காடு பட்டறையிலேயே, மிச்சம் 20லேருந்து 30 விழுக்காடு பயிற்சி மையத்துல. சில இடத்துல வாரத்துல ஒரு நாள் கிளாஸ், சில இடத்துல மாசக்கணக்கா வேலை செஞ்சிட்டு மொத்தமா சில வாரம் கிளாஸ். ரெண்டும் சேர்ந்தாத்தான் அது பயிற்சி, கிளாஸை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது குறைஞ்ச கூலிக்கு ஒரு ஆப்பரேட்டர். நல்லா நடத்துற கம்பெனிங்களும் இருக்கு, அதை மறைக்கல. பாயான் லெப்பாஸ் பக்கம் அப்படி படிச்சு இன்னிக்கு டெக்னீஷியனா நல்ல சம்பளம் வாங்குற பசங்களை எனக்குத் தெரியும், அதனால இந்த முறையே ஏமாத்துன்னு மத்த அம்மாங்க நினைச்சுடாதீங்க.

இப்ப காசு. குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அஞ்சு பேர் அல்லது அதுக்கு மேல வச்சிருக்கிற முதலாளிக்கு 2025 பிப்ரவரி 1-லேருந்து, மத்தவங்களுக்கு 2025 ஆகஸ்ட் 1-லேருந்து. உங்க பட்டறையில பதினொரு பேர். அது சாதாரண வேலை ஒப்பந்தம்னு நான் சொல்ற வாதம் நின்னா 2025 பிப்ரவரிலேருந்தே மாசம் 800 வெள்ளி குறைச்சு கொடுத்திருக்காரு. நிக்காம போனாலும் 2025 ஆகஸ்டுலேருந்து பெராந்திஸுக்கும் குறைந்தபட்ச சம்பளம் உண்டு, பெராந்திஸ்ன்ற காரணத்தைச் சொல்லி அவர் தப்பிக்க முடியாது. அதுக்கு முன்னாடி உள்ள மாசங்களையும் புகார்ல எழுதுங்க, அந்தந்தக் காலத்து கணக்கை ஆபீசர் போட்டுப் பார்ப்பாரு. அலவன்ஸ்னு பேர் வச்சதால சம்பளம் இல்லன்னு ஆயிடாது, வேலைக்காக மாசா மாசம் கையில வர்ற காசு சம்பளம்தான்.

கிளாஸ் நாளுக்கு வெட்டுனது? சம்பளத்துல எதையெதை வெட்டலாம்னு அக்தா கெர்ஜா 24-வது பிரிவுல இருக்கு, கிளாஸுக்குப் போனதுக்காக வெட்டலாம்னு அங்க நான் எங்கேயும் பார்க்கல. கான்ட்ராக்ட்தான் போகச் சொல்லுது, அதுக்காக போனவனுக்கு தண்டனையா? பாண்ட் காசை கடைசி சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்னு சொன்னாலும் இதே பதில்தான்.

ஓவர்டைம் கணக்கு இன்னும் சுலபம். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை, முன்னாடி 48 இருந்துச்சு, 2023-லேருந்து 45. எட்டுலேருந்து ஆறு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழிச்சா நாளைக்கு ஒன்பது, ஆறு நாளைக்கு 54. ஆக வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் ஓவர்டைம். 1,700-ஐ 26-ஆல வகுத்து அப்புறம் எட்டால வகுத்தா மணிக்கு 8.17, அதுல ஒன்றரை மடங்கு 12.26 வெள்ளி. வாரத்துக்கு 110 வெள்ளி சொச்சம், அதை எத்தனை வாரம்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. பஞ்ச் கார்டு படம் எடுக்க முடிஞ்சா எடுத்து வைங்க, இல்லன்னா தினமும் எத்தனை மணிக்கு உள்ள போனான், எப்ப வெளிய வந்தான்னு மகன் கையால எழுதட்டும். சூப்பர்வைசர் "நாளைக்கு வெள்ளி கிளாஸ் வேணாம், வேலைக்கு வா"ன்னு அனுப்புன வாட்ஸ்அப் இருந்தா அது தங்கம், தயவு செஞ்சு போன் மாத்தும்போது அழிச்சிடாதீங்க.

ஈபிஎஃப் சட்டத்துலயும் சொக்சோ சட்டத்துலயும் தொழிலாளின்ற சொல்லுக்குள்ள பெராந்திஸ் பேர் வெளிப்படையாவே இருக்கு. அதனால கேடபிள்யூஎஸ்பி (ஈபிஎஃப்) ஆபீஸ்லயும் பெர்கேசோ (சொக்சோ) ஆபீஸ்லயும் தனித்தனியா புகார் கொடுங்க, லேபர் ஆபீஸ் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துக்கும்னு இருந்துடாதீங்க. இதுல எனக்கு பெரிய கோபம் சொக்சோ கட்டாததுலதான். மெஷின்ல விரல் போனாலோ, மோட்டார்ல வேலைக்குப் போற வழியில அடிபட்டாலோ கை கொடுக்குறது அது ஒண்ணுதான், அதைக் கட்டாம ஒரு பையனை லேத் மெஷின் முன்னாடி நிறுத்துறது எந்த மனசு.

சரி, பாண்ட். பயிற்சி பாண்ட் எல்லாமே செல்லாதுன்னு யாராவது பேஸ்புக்ல சொன்னா நம்பாதீங்க. செலவு பண்ணி படிக்க வச்ச முதலாளி குறிப்பிட்ட காலம் இருன்னு கேக்குறது தப்பில்ல. ஆனா கான்ட்ராக்ட்ஸ் ஆக்ட் 1950, 75-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒப்பந்தத்துல எந்தத் தொகை எழுதியிருந்தாலும் கோர்ட் கொடுக்கப்போறது நியாயமான இழப்பீடுதான், எழுதுன தொகை அதுக்கு உச்ச வரம்பு மட்டும். 2018-ல கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்குல ஃபெடரல் கோர்ட் இதை விளக்கியிருக்கு: நட்டத்தை ஒவ்வொரு தடவையும் சென் கணக்கா நிரூபிக்க வேண்டியதில்ல, ஆனா கேக்குற தொகை முதலாளியோட நியாயமான அக்கறைக்குப் பொருத்தமா இருக்கணும். அப்ப தவுக்கே கிட்ட நம்ம கேள்வி இதுதான், என்ன பயிற்சிக்கு எவ்வளவு செலவு பண்ணீங்க, ரசீது எங்க? அவர் கம்பெனி எச்ஆர்டி கோர்ப்புக்கு (தொழிலாளர் பயிற்சி நிதி) லெவி கட்டுதுன்னா பயிற்சிக் காசை அங்கேருந்து திரும்ப வாங்கினாரான்னும் கேக்கலாம். அதுவும் இல்லாம சம்பளத்தையே சட்டப்படி கொடுக்கலன்னா ஒப்பந்தத்தை முதல்ல முறிச்சது முதலாளிதான்னு அக்தா கெர்ஜா 15-வது பிரிவு கருதுது. தானே முறிச்ச ஒப்பந்தத்தை வச்சு அடுத்தவன் கிட்ட 15,000 கேக்குறது கோர்ட்ல லேசுல எடுபடாது.

உங்க ஜாமீன் கையெழுத்தும் இதோடதான் நிக்கும். கான்ட்ராக்ட்ஸ் ஆக்ட் 81-வது பிரிவுப்படி ஜாமீன்காரர் பொறுப்பு முதல் ஆளோட பொறுப்புக்கு சமம், அதைத் தாண்டிப் போகணும்னா ஒப்பந்தத்துல அப்படி எழுதியிருக்கணும். மகன் கொடுக்க வேண்டியது பூஜ்யம்னா உங்களுக்கும் பூஜ்யம். ஆனாலும் ஜாமீன் பக்கத்தை எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, சில பேர் அதுல விஷமமா எழுதி வச்சிருப்பாங்க.

18 நிறையாத பிள்ளைங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அவங்களும் வேலை ஒப்பந்தம் போடலாம், ஆனா அதை முறிச்சதுக்காக அவங்க கிட்ட நட்டஈடு வாங்க முடியாது, 1966-ம் வருஷத்து சிறுவர் இளையர் வேலைச் சட்டம் 13-வது பிரிவு அப்படி. உங்க மகனுக்கு இது பொருந்தாது.

செர்ட்டிபிகேட் விஷயத்துல தவுக்கே சும்மா மிரட்டுறாரு. சிஜில் கெமாஹிரான் மலேசியா, எஸ்கேஎம், அதாவது மலேசிய தொழில்திறன் சான்றிதழ், அதைக் கொடுக்குறது ஜேபிகே, அரசாங்க இலாகா. பட்டறை முதலாளி அதை பெட்டியில வச்சு பூட்ட முடியாது. ஆனா பையன் பேரை ஜேபிகேல உண்மையிலேயே பதிஞ்சாங்களான்னு முதல்ல விசாரிங்க. நேர்ல போய் ஐசியைக் காட்டி கேளுங்க. பதியவே இல்லன்னா அதுவும் நம்ம புகாருக்கு பலம்தான், ஆனா மகன் மனசு உடைஞ்சிடும், தயார் பண்ணிக் கூட்டிட்டுப் போங்க. அப்படி ஆனாலும் வழி இருக்கு. பிபிடின்னு ஒண்ணு, கையில இருக்கிற அனுபவத்தை வேலை ஆதாரத்தோட காட்டி எஸ்கேஎம் வாங்குற முறை. அதுக்காகத்தான் சொல்றேன், லாக் புக், செஞ்ச ஜாப்போட படம், டிராயிங்ல அவன் பேர் உள்ள பக்கம், கிளாஸ் வருகை ஷீட் எல்லாத்தையும் வேலையை விடுறதுக்கு முன்னாடியே சேர்த்துக்கணும். எஸ்பிஎம் ஒரிஜினல் அவங்க கிட்ட இருந்தா எழுத்துல திரும்பக் கேளுங்க.

கோபத்துல நாளைக்கே வேலைக்குப் போகாம மட்டும் இருக்கக் கூடாது. சொல்லாம கொள்ளாம தொடர்ந்து ரெண்டு வேலை நாளுக்கு மேல வராம இருந்தா ஒப்பந்தத்தை முறிச்சது பையன்னு சட்டம் எடுத்துக்கும், நம்ம கை வலுவா இருக்கிற இடத்துல நாமே அதைக் கெடுத்துக்கிறது மாதிரி ஆயிடும். முதல்ல பினாங்கு ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவுல, லேபர் ஆபீஸ்னு சொல்வோமே அங்க, புகார் கொடுங்க. காசு கிடையாது, வக்கீலும் தேவையில்ல, நான் வக்கீலா இருந்துக்கிட்டே சொல்றேன். அக்தா கெர்ஜா 69-வது பிரிவு கீழ ஆபீசர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிச்சு உத்தரவு போடுவாரு. கான்ட்ராக்ட் காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட், நேரம் எழுதுன நோட்டு, வாட்ஸ்அப் பிரின்ட் எல்லாம் கொண்டு போங்க. சம்பள ஸ்லிப்பே கொடுத்ததில்லன்னா அதையும் சொல்லுங்க, அது முதலாளியோட தப்பு.

புகார் நம்பர் கையில வந்த பிறகு நோட்டீஸ் லெட்டர். கான்ட்ராக்ட்ல நோட்டீஸ் காலம் எழுதியிருந்தா அது, எழுதலன்னா ரெண்டு வருஷம் தாண்டினதால ஆறு வாரம். லெட்டர்ல சண்டை வேணாம்: கிளாஸ் எந்த மாசத்துலேருந்து நின்னுச்சு, சம்பளம் எவ்வளவு குறைஞ்சது, அதனால ஒப்பந்தத்தை முடிச்சுக்கிறேன்னு நாலு வரி போதும், பாண்ட் காசு தர ஒத்துக்கிறேன்ற மாதிரி எந்த பேப்பர்லயும் கையெழுத்து போட வேணாம். லெட்டரை அனுப்புறதுக்கு முன்னாடி ஜாமீன் பக்கத்தோட சேர்த்து எனக்கு அனுப்புங்க, பார்த்துத் தரேன்.