சம்பள உயர்வு கேட்கப் போகிறவர்களுக்கு: மொரிஷியஸிலிருந்து சில கேள்விகள்

பதினெட்டு வருடமாக மொரிஷியஸில் சம்பளப் பட்டியல் போடும் மேஜைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, உயர்வு கேட்டால் மேனேஜர் "ஜனவரியில்தான் ஏற்றினோமே" என்கிறார். என்ன பதில் சொல்ல? (எபேன், கால் சென்டர்)

அது அவர் ஏற்றியது இல்லை. விலைவாசிக்காக அரசு அறிவிக்கும் ஈடு. 2025 ஜனவரியில் 610 ரூபாய், அதுவும் 50,000 வரை வாங்குகிறவர்களுக்கு. டிசம்பர் சம்பளச் சீட்டையும் இந்த மாதச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் வெறும் அந்த ஈட்டுத் தொகைதான் என்றால், "இது அரசு கொடுக்கச் சொன்னது சார், என் வேலைக்கான உயர்வைப் பேச வந்தேன்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். வருடக் கடைசியில் வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைக் காட்டினாலும் இதே பதில்தான். அதுவும் சட்டம்.

இப்போது 49,500. 51,000 கேட்கலாமா? (ரோஸ் ஹில், கணக்குப் பிரிவு)

கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா தம்பி! சி.எஸ்.ஜி. என்பது சமூகப் பாதுகாப்புக்காகச் சம்பளத்தில் பிடிப்பது. 50,000 வரை அந்தப் பிடித்தம் 1.5 சதவீதம். அதைத் தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் 3 சதவீதம். இப்போது 742 ரூபாய் சொச்சம் போகிறது, 51,000 ஆனால் 1,530 போகும். இந்தப் பிடித்தத்தை மட்டும் பார்த்தாலே, கேட்ட 1,500இல் பாதிதான் மிஞ்சும். முதலாளி பங்கும் 3இலிருந்து 6 சதவீதமாகிறது. அவருக்கு 1,485 இருந்தது 3,060. ஆக, உங்களுக்கு 700 சொச்சம் சேர, அவருக்கு 3,075 செலவு. அவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஒன்று, 50,000இல் நின்று மீதிக்கு ஏ.சி.சி.ஏ. (கணக்காளர் படிப்பு) தேர்வுக் கட்டணத்தைக் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் துணிந்து 55,000 கேளுங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

வேறு கம்பெனியில் ஆஃபர் இருக்கிறது என்று சும்மா சொன்னால்? (சென்னையிலிருந்து வந்தவன், ஐ.டி.)

வேண்டாம். உங்கள் ஆக்குபேஷன் பர்மிட், அதாவது இங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி, இந்தக் கம்பெனி வேலைக்காக வாங்கியது. மாறினால் பர்மிட்டையும் கவனிக்க வேண்டும் என்பது ஹெச்.ஆருக்குத் தெரியும். அப்புறம் இது சின்னத் தீவு, "யாரு கூப்பிட்டாங்க?" என்று ஒரு போன் போட்டால் முடிந்தது.

கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்? (கூர்ப்பீப், மளிகை மொத்த வியாபாரம்)

முதல் தடவை நான் கேட்கப் போனபோது வீட்டு வாடகை ஏறிவிட்டது என்றேன். "எனக்கும்தான்" என்றார் மேலாளர், அதோடு சரி. அடுத்த வருடம் ஒரே ஒரு தாள் கொண்டுபோனேன். எந்த மாதம் எந்தப் பில்லில் தவறு கண்டுபிடித்தேன், எவ்வளவு மிச்சம் என்று ஏழு வரி. அவர் பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் வாயே திறக்கவில்லை.

எந்த மொழியில் பேசுவது? (போர்ட் லூயி)

அவர் பேசும் மொழியில். கிரியோல் என்றால் கிரியோல். ஆனால் தொகையை முதல் நாள் இரவே கண்ணாடி முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "செங்காந்த் செங்க் மில்" (55,000) தடுமாறாமல் வர வேண்டும். நம் ஆட்கள் அந்த இடத்தில்தான் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள்.

எப்போது கேட்பது?

டிசம்பரில் வேண்டாம், போனஸுக்கே பணம் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கம்பெனியின் கணக்கு ஆண்டு ஜூனில் முடிகிறதா டிசம்பரிலா என்று விசாரித்து, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் போங்கள்.

எங்கள் முதலாளி "தைப்பூசம் முடியட்டும், பார்ப்போம்" என்கிறார் அக்கா.

எந்த வருடத்துத் தைப்பூசம் என்று கேட்க முடியாதுதான். தேதி கேட்கலாம். சொன்ன தேதியை அன்று மாலையே நன்றியோடு ஒரு மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.