புதிய ஆஃப்-பிராட்வே மியூசிக்கல்களில் எது பிராட்வேக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவு சொல்லலாம். ஆனால் மேடையில் நடப்பதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. யார் பணம் போட்டிருக்கிறார்கள், எந்த அரங்கம் எப்போது காலியாகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூயார்க்குக்குப் பக்கத்தில் வசிப்பதால் இந்தச் சிறிய அரங்குகளுக்கு நான் அடிக்கடி போகிறவன். ஒரு மியூசிக்கல் (பாட்டோடு கூடிய நாடகம்) நன்றாக அமைந்துவிட்டால் போதும், வெளியே வரும்போது எல்லார் வாயிலும் இதே பேச்சுதான்: "இது பிராட்வேக்குப் போகுமா?"

பிராட்வே, ஆஃப்-பிராட்வே என்பது பலர் நினைப்பதுபோல பிராட்வே என்ற தெருவை வைத்து வந்த பிரிவு இல்லை, இருக்கை எண்ணிக்கையை வைத்து வந்தது. மன்ஹாட்டனில் 500 இருக்கையும் அதற்கு மேலும் உள்ள 41 அரங்குகள்தான் பிராட்வே. 100 முதல் 499 வரை இருந்தால் ஆஃப்-பிராட்வே. லிங்கன் சென்டர் என்ற கலை வளாகத்தில் ஒரே கட்டடத்துக்குள் இரண்டும் இருக்கின்றன: மேலே விவியன் போமண்ட் பிராட்வே, கீழே மிட்ஸி நியூஹவுஸ் ஆஃப்-பிராட்வே. அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி அந்த 41 அரங்குகளில் நடப்பவற்றுக்கு மட்டும்தான். ஊர் ஊராகப் போகும் டூர், பின்னாளில் பள்ளி, கல்லூரிகள் உரிமை வாங்கி நடத்துவது என்று எல்லாவற்றுக்கும் "பிராட்வேயில் நடந்தது" என்ற பெயர் தேவைப்படுகிறது. அதனால்தான் எல்லாரும் அங்கே போகத் துடிக்கிறார்கள்.

நாடகம் நன்றாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு, ஒரே குழு செய்த இரண்டு மியூசிக்கல்களைச் சொல்கிறேன். இசையில் டேவிட் யாஸ்பெக், கதை வசனம் இட்டமார் மோசஸ், இயக்கம் டேவிட் குரோமர். முதலாவது 'தி பேண்ட்ஸ் விசிட்'. எகிப்திலிருந்து வந்த போலீஸ் வாத்தியக் குழு ஒன்று இஸ்ரேலில் ஊர் மாறிப்போய், பாலைவனத்து நடுவில் ஒரு சிற்றூரில் ஓர் இரவு தங்க நேர்கிறது. கதை அவ்வளவுதான். 2016 கடைசியில் ஆஃப்-பிராட்வேயில் அட்லாண்டிக் தியேட்டரில் வந்தது, 2017 நவம்பரில் பிராட்வேயின் எதெல் பேரிமோர் அரங்குக்குப் போனது. 10 டோனி வாங்கியது, போட்ட 87.5 லட்சம் டாலரையும் மீட்டுக் கொடுத்தது.

இரண்டாவது 'டெட் அவுட்லா'. எல்மர் மெக்கர்டி என்ற நிஜத் திருடனின் கதை. 1911-இல் ஒக்லஹோமாவில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். பதப்படுத்திய உடலைக் காசுக்குக் காட்சி வைத்தார்கள், அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ அலைந்தது. 1976-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் கேளிக்கைப் பூங்காவில் டிவி தொடர் ஒன்றின் படப்பிடிப்புக்கு வந்தவர்கள் பொம்மை என்று நினைத்துத் தொட, கை ஒடிந்து உள்ளே எலும்பு தெரிந்தது. 2024-இல் கிரீனிச் வில்லேஜின் மினெட்டா லேன் அரங்கில் இதைப் பார்த்தேன். ஆண்ட்ரூ டுராண்ட் பிணமாகக் கண் இமைக்காமல் நிற்க, அவரைச் சுற்றி உலகம் பேரம் பேசிக்கொண்டிருக்கும். 400-க்கும் குறைவான இருக்கைகள் என்பதால் அந்த உடல் நமக்கு அருகிலேயே இருந்தது. அந்த ஆண்டு சிறந்த மியூசிக்கலுக்கான டிராமா டெஸ்க் என்ற நியூயார்க் நாடக விருது இதற்குத்தான். 2025 ஏப்ரலில் பிராட்வேயின் லாங்ஏக்கர் அரங்கில் தொடங்கியது. 7 டோனி பரிந்துரை வந்தது, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஜூன் 29-இல் மூடிவிட்டார்கள்.

என் பார்வையில் இரண்டும் தரத்தில் சமம். வேறுபாடு வெளியே இருந்தது. டோனி கிடைத்ததும் 'பேண்ட்ஸ் விசிட்' பெயர் தெரியாத சுற்றுலாப் பயணிக்கும் போய்ச் சேர்ந்தது. 'டெட் அவுட்லா' வந்த ஆண்டு அந்த இடத்தை 'மேபி ஹேப்பி எண்டிங்' என்ற இன்னொரு மியூசிக்கல் எடுத்துக்கொண்டது. பெரிய நட்சத்திரமும் இல்லாமல், தலைப்பிலேயே சாவை வைத்துக்கொண்டு, ஆயிரத்துச் சொச்சம் இருக்கைகளை வாரத்துக்கு எட்டுக் காட்சி நிரப்புவது கொடுமையான வேலை. எனக்கு அது இன்னமும் ஆறவில்லை.

பணக் கணக்கு இப்போது அவ்வளவு மோசமாகிவிட்டது. பெருந்தொற்றுக்குப் பிறகு பிராட்வேயில் தொடங்கிய 46 புதிய மியூசிக்கல்களில் அதுவரை லாபம் கண்டவை 3 மட்டுமே என்று 2025 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 'சிக்ஸ்', 'எம்ஜே', '& ஜூலியட்'. மூன்றில் ஒன்றுகூட ஆஃப்-பிராட்வேயிலிருந்து வந்ததில்லை. 'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்' ஆஃப்-பிராட்வேயின் பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸில் தொடங்கி, நாடகத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கி, 2022-இல் சிறந்த மியூசிக்கலுக்கான டோனியும் வாங்கியது. அப்படியும் போட்ட பணத்தை எடுக்காமலே 2023 ஜனவரியில் முடிந்தது.

சரி, எதைப் பார்த்து ஊகிக்கலாம்? நான் முதலில் நிகழ்ச்சிக் கையேட்டைத் திறப்பேன். அட்லாண்டிக், பப்ளிக் தியேட்டர் போன்றவை லாப நோக்கமில்லாத நிறுவனங்கள். அவற்றின் செலவோடு வெளித் தயாரிப்பாளர் ஒருவர் தன் பணத்தையும் சேர்த்திருந்தால், "சிறப்பு ஏற்பாட்டின்படி" என்று அவர் பெயர் போட்டிருக்கும். பிராட்வேக்குக் கொண்டுபோகும் உரிமையை அவர் கையில் வைத்திருக்கிறார் என்று பொருள். அந்த வரி இருந்தால் பாதிப் பேச்சு ஏற்கெனவே முடிந்துவிட்டது. அடுத்தது அரங்கம். ஷூபர்ட் நிறுவனம் ஒன்றிடமே 17 பிராட்வே அரங்குகள் இருக்கின்றன. உரிமையாளர் இடம் தராவிட்டால் எத்தனை நட்சத்திர விமர்சனம் வந்தும் பயனில்லை. டோனிக்கான கெடு ஏப்ரல் கடைசி என்பதால் மார்ச், ஏப்ரலில் எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டி மோதுவார்கள். 'ஹாமில்டன்' அந்த அவசரத்தில் சேரவில்லை. 2015 தொடக்கத்தில் பப்ளிக்கில் டிக்கெட் கிடைக்காமல் ஊரே அலைந்தபோதும் ஆகஸ்ட் வரை பொறுத்துத்தான் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்கில் திறந்தார்கள்.

உடனே போகாவிட்டால் கதை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 'நெக்ஸ்ட் டு நார்மல்' 2008-இல் செகண்ட் ஸ்டேஜில் வந்தபோது விமர்சனங்கள் கலவையாகத்தான் இருந்தன. வாஷிங்டனுக்கு எடுத்துப்போய் திருத்தி எழுதி, மறு ஆண்டு பூத் அரங்கில் இறக்கினார்கள். 2010-இல் புலிட்சர் கிடைத்தது. 'ஹேடிஸ்டவுன்' 2016-இல் நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப்பில் தொடங்கி எட்மண்டன், லண்டன் என்று சுற்றிவிட்டு 2019-இல்தான் பிராட்வேயைத் தொட்டது.

இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக ஒலிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லாப நோக்கமில்லாத அரங்குகளில் ஆண்டுத் திட்டம் முன்பே போட்டுவிடுவார்கள். ஒரு மியூசிக்கலுக்குச் சில வாரங்கள்தான். நன்றாக ஓடினால் கொஞ்சம் நீட்டிக்கலாம், ஆனால் அடுத்தது வாசலில் காத்திருக்கிறது. அங்கிருந்து இறங்கினால் பிராட்வே, இல்லையென்றால் பாடல்களைப் பதிந்த குறுந்தகடு மட்டும்தான் மிச்சம். நடுவில் நிம்மதியாக ஓட இடம் குறைவு. ஒரு காலத்தில் அப்படி இடம் இருந்தது. 'தி ஃபேண்டாஸ்டிக்ஸ்' 153 இருக்கை அரங்கில் 1960 முதல் 2002 வரை ஓடியது. 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' 1982-இலிருந்து ஐந்து ஆண்டுகள் ஆர்ஃபியம் அரங்கிலேயே இருந்தது. 2003-இல் பிராட்வேக்குப் போனபோது ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 2019-இல் சின்ன வெஸ்ட்சைட் தியேட்டருக்குத் திரும்பி வந்ததும் மறுபடியும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 'அவென்யூ கியூ' 2009-இல் பிராட்வேயை முடித்துக்கொண்டு நியூ வேர்ல்ட் ஸ்டேஜஸுக்கு இறங்கி வந்து 2019 வரை ஓடியது. அதைப் பலர் இறக்கம் என்றார்கள். பத்து ஆண்டு கூடுதலாகக் கலைஞர்களுக்கு வேலை கிடைத்ததை இறக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்த மியூசிக்கல் மேல் என் கண் இருக்கிறது என்று கேட்டால், 'மெக்ஸோடஸ்' என்பேன். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் வடக்கே போகாமல் தெற்கே மெக்ஸிகோவுக்குத் தப்பிய வரலாறு. பிரையன் கிஹாடா, நைஜெல் டி. ராபின்சன் என்ற இருவர் மட்டும் மேடையில் நின்று, ஒவ்வொரு வாத்தியமாக வாசித்துப் பதிந்து, அதை அங்கேயே அடுக்கி அடுக்கி முழு இசையையும் நம் கண்முன் கட்டுகிறார்கள். 2025-இல் இதுவும் மினெட்டா லேனில்தான் வந்தது. இருவர்தான் என்பதால் வாரச் செலவு குறைவு. ஒரு சின்ன பிராட்வே அரங்கம் அமைந்தால் தாங்கும் என்று நம்புகிறேன். ஆனால் ஆயிரம் இருக்கை அரங்கில் அதை நிறுத்த நினைத்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த விரல்கள் கம்பியில் படுவதைப் பார்க்க முடியாத தூரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பதற்குப் பதில், ஆஃப்-பிராட்வேயிலேயே இன்னும் பல மாதம் நடக்கட்டும்.